சாதுவாகிவிட்ட நாய்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தில்லியில் நமது மையத்தில் கீதை வகுப்பு முடிந்து, அன்பர்கள் பிரசாதம் பெற்றுக்கொண்டு கலைந்துகொண்டிருந்தனர். மயூர் விஹாரிலிருந்து தவறாமல் வரும் தமிழன்பர் ஒருவர், மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியுடன் ராமேஸ்வர யாத்திரை முடித்துத் திரும்பியிருந்தார். கோயில் பிரசாதத்தை என்னிடம் தந்துவிட்டுப் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "எங்கள் மணியைப் பதினெட்டு நாள் நாய்கள் விடுதியில் விட்டுப் போனோம், சுவாமி. சுத்தமான இடம். முன்பெல்லாம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே துள்ளுவான். இப்போது கூப்பிட்டால்கூட எழுந்திருப்பதில்லை. மூலையில் படுத்தே இருக்கிறான். அப்படியே சாதுவாகிவிட்டான்!"

அவர் மகிழ்ச்சியோடுதான் சொன்னார். அருகிலிருந்த அம்மையார் சிரிக்கவில்லை. "சாது இல்லை, சுவாமி. அவன் கண்ணைப் பார்த்தால் எனக்கு என்னவோ செய்கிறது" என்றார்.

காவி உடுத்தவனிடம் ஒரு நாயைச் சாது என்று சொன்னால் அவன் சற்று யோசிக்கத்தான் வேண்டும். அந்த அம்மையார் வற்புறுத்தியதால் அடுத்த வாரம் அவர்களுடன் அந்த விடுதிக்கு நானும் சென்றேன். தில்லியின் தென்கோடியில், சத்தர்பூரைத் தாண்டிப் பண்ணை வீடுகள் நிறைந்த பகுதி அது. விடுதியை நடத்துபவர் நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது அறைகள். ஒவ்வொன்றிலும் கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை, எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர், மேலே மின்விசிறி. அறைகளுக்குப் பின்னால் கம்பிவேலி இட்ட விசாலமான முற்றம், இரண்டு வேப்பமரங்கள், முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட புல். முற்றத்தின் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டில் துரு ஏறியிருந்தது.

"அங்கே நாய்களை விடுவதில்லையா?" என்று கேட்டேன்.

"முன்பு விட்டோம், ஸ்வாமிஜி. ஒரு நாள் இரண்டு நாய்கள் சண்டையிட்டு ஒன்றின் காது கிழிந்துவிட்டது. சொந்தக்காரர் போலீசுக்குப் போவேன் என்றார். அன்றிலிருந்து யாரையும் அவிழ்த்துவிடுவதில்லை. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து ஐந்து நிமிடம் வெளியே, அவ்வளவுதான். வேளைக்குச் சோறு, தண்ணீர், மருந்து, சுத்தம் எல்லாம் உண்டு. எல்லா நாயும் பத்திரமாக இருக்கிறது. இதற்கு மேல் ஒரு நாய்க்கு என்ன வேண்டும்?"

அவர் இந்தியில் கேட்ட அந்தக் கேள்வியில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை.

இரண்டு மாதங்களுக்குள் அதே கேள்வி தலைநகர் முழுவதற்குமான கேள்வியாயிற்று. தில்லியில் தெருநாய்க் கடியாலும் வெறிநோயாலும் குழந்தைகள் படும் துன்பம் பற்றிய செய்தியை உச்ச நீதிமன்றம் ஜூலை இறுதியில் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு 11-ஆம் தேதி, இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்கும்படி ஆணையிட்டது. ஆகஸ்டு 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. நவம்பர் 7-ஆம் தேதி வந்த மற்றோர் ஆணை, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் திரியும் நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்கச் சொல்லி, அவற்றைப் பழைய இடத்தில் திரும்ப விடலாகாது என்றும் கூறியது.

இந்த ஆணைகளில் எது சரி என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நாய் கடித்துக் குழந்தையை இழந்த தாயின் முன்னால் நின்று நாயின் விளையாட்டைப் பற்றிப் பேச எவருக்கும் நா எழாது. ஆயினும் ஒன்று நிகழ்ந்துவிட்டது. யாத்திரை செல்லும் பக்தரோ, குழந்தையைக் காக்கும் அரசோ, நியாயமான காரணத்துக்காகவே ஓர் உயிரைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறார்கள். கதவை மூடிய கணத்திலிருந்து அதன் நாள் முழுவதும் நம் கையில் வந்துவிடுகிறது. தெருவில் அது தானே தேடிக்கொண்ட உணவு, நிழல், நட்பு, பகை, வேலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கிண்ணம் சோறு மட்டும் வைத்தால் கணக்கு நேராகிவிடுமா?

ஆன்மீக வாழ்வில் ஈடுபட்டவர்களிடம் இதைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த முதல் விடை கர்மக் கோட்பாடு. நாயின் பிறவி போகயோனி. அது பழைய வினையின் பயனை அனுபவித்துத் தீர்க்கவே வந்திருக்கிறது. அடைபட்டுக் கிடப்பதும் அந்த அனுபவத்தில் ஒன்றுதானே? கேட்பதற்கு இது சாஸ்திரம் போல ஒலிக்கிறது. நமது மரபு கர்மத்தை ஒருபோதும் இப்படிப் பயன்படுத்தச் சொல்லவில்லை. நாயின் துன்பம் அதன் பிராரப்தமாகவே இருக்கட்டும். சாவி யார் இடுப்பில் இருக்கிறது? நாயின் பிறவி போகயோனி என்றால் சாவியை வைத்திருப்பவனின் பிறவி கர்மயோனி. அவன் செய்வதும் செய்யாமல் விடுவதும் அவன் கணக்கில்தான் ஏறும். பிறர் துன்பத்துக்குக் கர்மத்தைக் காரணம் காட்டுகிறவர் தமக்குப் பல் வலி வந்தால் மருத்துவரிடம் ஓடுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது விடை மேற்கிலிருந்து வருவது. இம்மானுவேல் காண்ட் தம் அறவியல் வகுப்புகளில், காலமெல்லாம் உழைத்த நாய் கிழடானதும் அதைச் சுட்டுக் கொல்பவனைப் பற்றிப் பேசியிருக்கிறார். நாய்க்குப் பகுத்தறிவு இல்லாததால் அவன் நாய்க்குச் செய்ய வேண்டிய கடமையில் தவறவில்லை. ஆனால் தன்னுள் இருக்க வேண்டிய மனிதத் தன்மைக்கு ஊறு செய்துகொள்கிறான் என்பது அவர் முடிவு. கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்போது இல்லை. இந்தக் கருத்துப்படி நாய் ஒரு பயிற்சிக் கருவியாகிவிடுகிறது. அதனிடம் நாம் கருணையைப் பழகிக்கொள்கிறோம், அவ்வளவே. துரு ஏறிய பூட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும் அந்த உயிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முன்னுரையிலேயே விலங்கைக் கொண்டுவருகிறார். தடியை ஓங்கி வருபவனைக் கண்டால் விலங்கு விலகி ஓடுகிறது. கை நிறையப் பசும்புல்லோடு வருபவனை நாடிச் செல்கிறது. அன்றாட நடைமுறையில் கற்றறிந்த மனிதனும் இதே போலத்தான் நடந்துகொள்கிறான், இதில் இருவருக்கும் வேற்றுமை இல்லை என்கிறார். மனிதனின் அகந்தையைத் தட்டுவதற்காகச் சொன்ன வாதம் இது. அதையே மறுபக்கமாகவும் படிக்கலாம். விருப்பு, வெறுப்பு, அச்சம், நாட்டம் ஆகியவற்றின் வழியாக உலகைத் தனக்கென அறிந்துகொள்ளும் ஒருவர் அந்த உடலுக்குள்ளும் இருக்கிறார்.

கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் சமநோக்கைச் சொல்லும் இடத்தில், கற்றுணர்ந்த அந்தணர், பசு, யானை ஆகியவற்றோடு நாயும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுவது நம் அனைவருக்கும் தெரியும். பெரியோர் இதற்கு ஒரு விளக்கம் தருவார்கள்: பார்வை சமம், நடத்துமுறை சமமன்று. யானைக்கு இடும் கவளத்தைப் பசுவுக்கு இடுவதில்லை. அவ்வாறாயின் நாய்க்கு உரியது எது? தில்லியைச் சுற்றி இப்போது குளிர்சாதன அறை, நீச்சல் குளம், பிறந்தநாள் கேக் எல்லாம் உள்ள நாய் விடுதிகள் இருக்கின்றன. செல்போனில் அந்தப் படங்களைக் காட்டிய அன்பரிடம் "நாய் கேக் கேட்டதா?" என்றேன். அவர் நல்ல குணம் உள்ளவர், கோபித்துக்கொள்ளவில்லை. மனிதனின் ஆசைகளை நாயின் மேல் போர்த்துவதும் சமநோக்கின்மைதான். நாய் கேட்பது மோந்து பார்க்க, தேட, தோண்ட, ஓட, கடித்து மெல்ல, தன் இனத்தோடு கூட அல்லது விலகி இருக்க. இவை அதன் இயல்பு. இவற்றையெல்லாம் ஒரே சொல்லில் விளையாட்டு என்கிறோம்.

விளையாட்டு என்றதும் நமக்கு ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. உணவு தேவை, மருந்து தேவை, விளையாட்டு உபரி என்று நினைக்கிறோம். நமது தத்துவத்தில் அச்சொல்லுக்கு இருக்கும் இடத்தை எண்ணிப் பார்க்கலாம். நிறைவே உருவான பரம்பொருள் எதை வேண்டி உலகைப் படைத்தது என்ற கேள்விக்குப் பிரம்ம சூத்திரம் தரும் விடை லீலை. சங்கரர் அங்கே, எல்லா விருப்பமும் நிறைவேறிய அரசன் பயன் எதையும் கருதாமல் விளையாடுவதை உவமை காட்டுகிறார். இறைவனின் லீலையும் நாயின் விளையாட்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. உலகத்து விளையாட்டில் நுட்பமான ஏதோவொரு பயன் ஒளிந்திருக்கலாம் என்று சங்கரரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் உவமையில் ஓர் உண்மை இருக்கிறது: குறை உள்ளவன் விளையாடுவதில்லை. பசித்த நாய் விளையாடாது. அஞ்சிய நாய் விளையாடாது. நோயுற்ற நாயும் விளையாடாது. சோறும் மருந்தும் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்பதை நாய் நமக்குத் தெரிவிக்கும் வழி அது விளையாடுவதுதான்.

விளையாடாத நாயோ? இங்கேதான் நம் மயூர் விஹார் அன்பரின் 'சாது' மீண்டும் வருகிறது.

1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தனர். கொடிய சோதனைதான். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நிற்கும்படி வைத்தனர். வேறு சில நாய்களுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான். ஆனால் அவை என்ன செய்தாலும் அது நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் ஒரு தாழ்ந்த தடுப்பு உள்ள பெட்டியில் விட்டனர். தாண்டினால் தப்பிக்கலாம். முதல் வகை நாய்கள் தாண்டின. இரண்டாம் வகையில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை, முனகிக்கொண்டு படுத்துவிட்டன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், அதே இருவரும் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டு எழுதினர். எலிகளின் மூளையைப் பற்றிய பிற்கால ஆய்வுகளிலிருந்து தெரிந்தது இது: நீண்ட துன்பத்தில் செயலற்றுப் படுத்துவிடுவது உயிர்களுக்கு இயல்பாகவே வருவது, அதைக் கற்க வேண்டியதில்லை. 'நான் ஏதாவது செய்தால் ஏதாவது மாறும்' என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விடுதியில் யாரும் மின்னதிர்ச்சி கொடுக்கவில்லை. ஆனால் பதினெட்டு நாட்கள் அந்த நாய் என்ன செய்தாலும் ஒன்றும் மாறவில்லை. குரைத்தாலும் கதவு திறக்காது. குரைக்காவிட்டாலும் சோறு வரும். மூக்குக்கு வேலை இல்லை, பினாயில் வாசனை ஒன்றுதான். எதைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. அது படுத்துவிட்டது.

தமஸ் சத்துவத்தின் உடையை அணிந்து வரும் என்று சுவாமி விவேகானந்தர் நம் நாட்டவரை மீண்டும் மீண்டும் எச்சரித்தார். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். இரண்டிலும் ஓசை இல்லை, அசைவு இல்லை. சாதகர்கள் தம் தியானத்தில் இந்த மயக்கத்தை அறிவார்கள். அமைதி என்று நினைத்தது உறக்கமாக இருந்துவிடும். நம்மிடமே பிரித்தறிய இத்தனை கடினமான ஒன்றை நாயிடம் நாம் எளிதாகத் தவறவிடுகிறோம், அதுவும் அந்தத் தவறு நமக்கு வசதியாக இருக்கும்போது.

இந்த நோக்கு நமக்குப் புதியதன்று. பரதநாட்டியத்துக்குப் புத்துயிர் தந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். விலங்கு வதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனி மசோதாவே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவில் வதை என்று பட்டியலிடப்பட்டவற்றுள் அடிப்பதும் உதைப்பதும் உண்டு. அவற்றோடு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு அதன் உரிமையாளர் தக்க உடற்பயிற்சி தராமல் விடுவதும் உண்டு. அடிப்பதும் ஓடவிடாதிருப்பதும் ஒரே பிரிவில்! முதல் குற்றத்துக்குச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பது வேறு விஷயம். பின்னர் 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களை எடுத்துரைத்தது. பசி, அச்சம், வசதிக்குறைவு, நோய் ஆகியவற்றிலிருந்து விடுபடுவதோடு இயல்பான நடத்தையை வெளிப்படுத்தும் சுதந்திரமும் அவற்றுள் ஒன்று. அத்தீர்ப்பின் முடிவோடு நம் தமிழன்பர்கள் பலருக்கு உடன்பாடில்லை என்பதை அறிவேன். இந்த ஐந்தின் மேல் யாருக்கும் வழக்கு இருக்காது.

இனி அந்த விடுதிக்காரரின் அச்சம். கிழிந்த காதும் உண்மைதானே? கதவைப் பூட்டுவது ஒரு வழி. முற்றத்தில் இருபது நாய்களையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது இன்னொரு வழி. முன்பு அவர் செய்தது அதுதான் என்று பேச்சுக்கிடையில் தெரிந்தது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று, பார்க்க ஆள் இல்லாதது. தில்லியில் நாய்களோடு பல்லாண்டு பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றோம். அவர் சொன்னவை பெரும்பாலும் காசு செலவில்லாதவை.

எல்லா நாயும் எல்லா நாயோடும் விளையாட வேண்டியதில்லை. உருவமும் சுபாவமும் ஒத்த இரண்டு அல்லது மூன்று போதும். புதிதாகச் சந்திக்கும் நாய்களை முதலில் கம்பிக்கு இருபுறமும் நடத்திப் பழக்க வேண்டும். சிலவற்றுக்குத் தனிமையே பிடிக்கும். அவற்றுக்கு முற்றத்தில் தனி நேரம். கூடி விளையாடும்போது சோறோ எலும்போ பிடித்த பொம்மையோ நடுவில் இருக்கக் கூடாது, சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது. ஒன்றின் கழுத்துப் பட்டையில் இன்னொன்றின் பல் சிக்கிக்கொண்டு கழுத்து நெரிபடுவதுண்டு என்பதால் வேலிக்குள் பட்டையைக் கழற்றிவிடலாம். வாசலுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள் வேண்டும், முதல் கதவு மூடிய பிறகே இரண்டாவது திறக்க வேண்டும். தடுப்பூசி போடாத நாயை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது.

தில்லி வெயில் மே, ஜூன் மாதங்களில் 45 டிகிரியைத் தொடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வைக்கத் தக்கதன்று. விடியலிலும் அந்தியிலும்தான் விளையாட்டு. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மிகக் கொஞ்சமே போதும், அவற்றால் உடல் வெப்பத்தை மூச்சு வழியே எளிதில் வெளியேற்ற இயலாது. பெரிய நாய்களை வயிறு நிறைந்தவுடன் ஓடவிடக் கூடாது. வேலியோரம் அரளி நட்டிருந்தார்கள். நாம் பூஜைக்குப் பறிக்கும் அதே அரளி, மென்றால் நாய்க்கு நஞ்சு. அதை அன்றே பிடுங்கினார்கள். இன்னொன்றும் அறிந்துகொண்டேன், பக்தர்களுக்காக எழுதுகிறேன்: சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுத்துப் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அன்பின் மிகுதியால் பிரசாதத்தை நாய்க்கு ஊட்டுபவர்கள் திராட்சையைப் பொறுக்கிவிட்டு ஊட்டட்டும். வெங்காயமும் சாக்லேட்டும்கூட ஆகாது.

ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை தருவது முக்கியம் என்றார் மருத்துவர். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் வளர்ப்பு நாய்களை இரு குழுவாகப் பிரித்து, இரண்டு வாரம் ஒரு குழுவுக்கு மோப்பம் பிடித்து உணவு தேடும் பயிற்சியும், மற்றதற்கு உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் தந்தார்கள். உணவு இருக்குமோ இருக்காதோ என்று ஐயமான இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி, மோப்பக் குழு முன்னிலும் விரைவாகச் சென்றது. நம்பிக்கை வளர்ந்திருந்தது என்றே சொல்ல வேண்டும். இதற்கு ஆகும் செலவு என்ன? ஒரு வேளைச் சோற்றைக் கிண்ணத்தில் வைக்காமல், தனித்தனியே ஒவ்வொரு நாய்க்கும் புல்லில் தூவிவிடலாம். பழைய அட்டைப்பெட்டிக்குள் காகிதச் சுருள்களின் நடுவே ரொட்டித் துண்டை ஒளித்து வைக்கலாம், அட்டையை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. தோண்டுவதற்கு ஒரு மூலையில் மணல். கோடையில் உப்புப் போடாத தயிரை உறையவைத்த கட்டி. ஏறிப் படுக்க ஒரு தாழ்வான மேடை. படுப்பதா, ஏறுவதா, தோண்டுவதா என்று நாயே முடிவு செய்யட்டும். நாய் கூடுதல் நேரம் உறங்கும் பிராணி, ஓய்வையும் கெடுக்கக் கூடாது.

விளையாட்டையும் சண்டையையும் எப்படிப் பிரித்தறிவது என்று விடுதியில் வேலை பார்க்கும் பீகார்ப் பையன் கேட்டான். மருத்துவர் முற்றத்தில் இரண்டு நாய்களைக் காட்டினார். ஒன்று முன்னங்கால்களை நீட்டி, மார்பைத் தரையில் தாழ்த்திப் பின்பாகத்தை உயர்த்தியது. அமெரிக்க அறிஞர் மார்க் பெக்காஃப் 1995-இல் எழுதிய ஆய்வு இந்த வணக்கத்தைப் பற்றியது. தவறாக எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு கடிப்புக்குச் சற்று முன்போ பின்போதான் அது மிகுதியாக வருகிறது. 'இது விளையாட்டு' என்று ஒன்று மற்றதற்குச் சொல்கிறது. துரத்துபவர் மாறி மாறி வந்தால் விளையாட்டு. ஒன்றே எப்போதும் துரத்த, மற்றது வாலை இடுக்கினால், உடல் விறைத்தால், உடனே பிரிக்க வேண்டும்.

"உறுமினால் அடிக்கலாமா?" என்று பையன் கேட்டான். எனக்கு ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்புக் கதை நினைவுக்கு வந்தது. பிரம்மச்சாரியின் உபதேசத்தைக் கேட்டுக் கடிப்பதை விட்ட பாம்பு சீறுவதையும் விட்டது, சிறுவர்களால் குற்றுயிராகும்வரை அடிபட்டது. கடிக்காதே என்றுதான் சொன்னேன், சீறாதே என்று சொன்னேனா என்பது பிரம்மச்சாரியின் கேள்வி. நாயின் உறுமல் அந்தச் சீறல்தான். அதை அடித்து அடக்கினால் அது எச்சரிக்காமல் கடிக்கும் நாயாகிறது. மருத்துவர் இக்கதையை முன்பு கேட்டதில்லை, குறித்துக்கொண்டார்.

தில்லிக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் உள்ள குருக்ஷேத்திரத்தில்தான் மகாபாரதத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி நடக்கிறது. ஜனமேஜயன் யாகம் செய்கிறான். தேவலோக நாயான சரமையின் குட்டி அங்கே வருகிறது. அவன் தம்பியர் அதை அடித்து விரட்டுகிறார்கள். அழுதுகொண்டு வந்த குட்டியிடம் தாய் முதலில் கேட்பது, நீ ஏதாவது தவறு செய்தாயா என்றே. ஆகுதியை நக்கவில்லை, பார்க்கவும் இல்லை என்கிறது குட்டி. சரமை யாகசாலைக்கே போய்க் காரணம் கேட்கிறாள். அவர்கள் பதில் சொல்லவில்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்தடையும் என்று அவள் சபிக்கிறாள். ஸ்வர்க்க வாசலில் நாயைக் கைவிட மறுத்த யுதிஷ்டிரரைப் பற்றிச் சொற்பொழிவுகளில் நிறையக் கேட்கிறோம். யாகசாலையில் நின்று கேள்வி கேட்ட தாய் நாயை அதிகம் கேட்பதில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் கொடியவர்களல்லர், புண்ணிய காரியத்தில் மும்முரமாக இருந்தவர்கள்.

இருபது நாய்களுக்குச் செய்தது ஆயிரம் நாய்கள் அடைபட்ட காப்பகத்தில் நடக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். முழுவதும் நடக்காது. ஆள் போதாது, இடம் போதாது. ஆனாலும் ஒத்துப்போகும் இரண்டை ஒரே அறையில் வைப்பதற்கும், சோற்றைத் தூவுவதற்கும், நாளுக்கு அரைமணி முறைவைத்து முற்றத்தில் விடுவதற்கும் பெரும் நிதி தேவையில்லை. நிழலில் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்க்கும் மனிதர்கள் தேவை. ஓய்வு பெற்றவர்கள் நம் மையங்களில் குறைவில்லை. அதற்கும் முடியாத அளவுக்கு நெருக்கி அடைப்பதாக இருந்தால், அடைப்பது என்ற முடிவையே திரும்ப யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

நவம்பர் மாதம் அந்தத் தம்பதியர் பேரனின் பூணூலுக்காகக் கும்பகோணம் செல்லும்போது மணியை அதே விடுதியில் விட்டனர். ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். முற்றத்துக் கதவில் புதிய பூட்டு, அதுவும் திறந்திருந்தது. பீகார்ப் பையன் வேப்பமரத்தடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். முன்பு அதில் ஒவ்வொரு நாயும் எவ்வளவு தின்றது, எத்தனை முறை மலம் கழித்தது என்று மட்டும் எழுதுவார்களாம். இப்போது இன்னொரு பத்தி கோடு போட்டுச் சேர்த்திருந்தான். மணியின் பெயருக்கு நேரே அன்று இந்தியில் எழுதியிருந்தது: இரண்டு குழி தோண்டினான். ஒரு முறை உறுமினான். பிறகு நன்றாகத் தூங்கினான்.